சனிக்கிழமை யாருக்கு? ஒஸ்லோத் தமிழ்க் குடும்பங்களில் பதின்வயதுப் பிள்ளைகளின் நேரம்

பதின்வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கும் வீட்டில் நேரம் போதாது என்பது உலகம் முழுவதும் கேட்கிற பேச்சுத்தான். பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம், விளையாட்டு, இசை, நடனம், நண்பர்கள், தூக்கம் எல்லாம் ஒரே இருபத்துநாலு மணிக்குள் அடங்க வேண்டும். ஆனால் ஒஸ்லோவில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சுக்குத் தனியான ஒரு காரணம் உண்டு. அங்கே ஒரு பிள்ளையை வளர்க்க இரண்டு சமூகங்கள் இரண்டு முழுமையான ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கின்றன. நோர்வேச் சமூகத்தின் ஏற்பாடு ஒன்று, அகதியாக வந்து வேரூன்றிய தமிழ்ச் சமூகத்தின் ஏற்பாடு மற்றொன்று. இரண்டும் நல்லவை, இரண்டும் பெற்றோரின் உழைப்பில் நடப்பவை. ஒவ்வொன்றும் பிள்ளையின் ஓய்வு நேரம் முழுவதும் தனக்கே கிடைக்கும் என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்டது. இவை மோதும்போது, "உங்களுக்கு நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை" என்று பழி குடும்பத்தின் தலையில் விழுகிறது. அந்தப் பழி நியாயமற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோர்வே வகுத்த மாலைப்பொழுது

நோர்வேயில் 1997 முதல் பிள்ளைகள் ஆறு வயதில் பள்ளிக்குப் போகிறார்கள். ஏழாம் வகுப்பு வரை புள்ளிகள் இல்லை. எட்டாம் வகுப்பில்தான் ஒன்றிலிருந்து ஆறு வரையான புள்ளிமுறை தொடங்குகிறது. பள்ளி பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குள் முடிந்துவிடும். பகல் வேலை பார்ப்பவர்கள் நாலு மணியளவில் வேலையை விட்டு இறங்கி, ஐந்து மணியளவில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். அதன்பின் வரும் மாலை விளையாட்டுக் கழகங்களுக்கு உரியது.

இந்தக் கழகங்களுக்கெல்லாம் மேலமைப்பு, 1861இல் வேர்விட்ட நோர்வே விளையாட்டுக் கூட்டமைப்பு. சிறுவர் விளையாட்டுக்கென 1987இல் அது விதிகளை வகுத்தது. 2007இல் விளையாட்டில் சிறுவருக்குரிய உரிமைகளையும் எழுதி வைத்தது. பதினொரு வயதுக்கு முன் முடிவுப் பட்டியலும் தரவரிசையும் கிடையாது. பதின்மூன்று வயதை எட்டும் ஆண்டுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டிகள் கிடையாது. எத்தனை பயிற்சி, எந்த விளையாட்டு என்பதில் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு கழகத்தில் சேர்ந்து விளையாடியவர்களாக இருப்பதற்கு இந்த விதிகளின் பங்கு பெரிது.

இவ்வளவையும் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத பெற்றோர். ஒரு அப்பா பயிற்சியாளர், ஒரு அம்மா அணிப் பொறுப்பாளர், மற்றவர்கள் போட்டி நாளில் சிற்றுண்டிக் கடையில் நின்று கேக்கும் கோப்பியும் விற்பவர்கள். அணிக்குப் பணம் சேர்க்க வீடு வீடாகக் கழிவறைத் தாள் கட்டு விற்பதும் உண்டு. 'டூக்நாட்' என்று நோர்வேஜியர் அழைக்கும் இந்தக் கூட்டு உழைப்பு அந்நாட்டின் பெருமைகளில் ஒன்று. 1972 முதல் கோடைதோறும் ஒஸ்லோவின் ஏக்கபேர்க் திடலில் நடக்கும் நோர்வே கப், உலகின் மிகப் பெரிய இளையோர் உதைபந்தாட்டப் போட்டிகளில் ஒன்று. அதுவும் தன்னார்வலர்களின் தோளில் நிற்பதுதான்.

பெற்றோரின் இந்தப் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை கூடிவருகிறது. காரி ஸ்டெஃபான்சன், இங்ரிட் ஸ்மெத்தெ, ஓசெ ஸ்ட்ராண்ட்பூ ஆகிய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டுகிறது. இன்றைய நோர்வேப் பெற்றோர் தங்கள் பெற்றோரைவிடக் கூடுதலாகத் திடலோரத்தில் நிற்கிறார்கள். அதைப் பிள்ளையோடு நெருக்கமாக இருக்கும் வழியாகவும் கருதுகிறார்கள். அப்படியானால் திடலுக்கு வர முடியாத பெற்றோர் அக்கறையற்றவராகத் தெரியத் தொடங்குவார். இரவு வேலை பார்க்கும் அப்பாவும், முதியோர் இல்லத்தில் வார இறுதி முறை பார்க்கும் அம்மாவும் இந்த அளவுகோலில் முதலிலேயே பின்தங்கிவிடுகிறார்கள்.

தமிழர் கட்டிய வார இறுதி

நோர்வேக்கு வந்த முதல் தமிழராக அறியப்படும் அன்ரனி ராஜேந்திரம் 1956இல் வந்தவர். காரைநகரில் படகுகட்டும் தொழிலையும் மீன்பிடித் தொழிலையும் வளர்த்த சீநோர் திட்டம் அவருடைய முயற்சியில் பிறந்தது. அவருக்குப் பின் நாட்டார் உயர்பள்ளிகளில் படிக்கவென்று இளைஞர்கள் வந்தார்கள். 1979இல் நோர்வே தமிழ்ச் சங்கம் உருவானது. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 வன்முறைக்குப் பின் வந்தவர்கள் அகதிகள். அவர்களில் பலர் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து, பின்னர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தார்கள். மானிடவியலாளர் ஓய்விண்ட் ஃபூக்லெருட் 1999இல் வெளியிட்ட நூல் இந்த வாழ்வை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. இன்று நோர்வேயில் இலங்கைப் பின்னணி கொண்டவர்கள், அங்கே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 15,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழர். ஒஸ்லோவின் வடகிழக்கே நீளும் குரூருட் பள்ளத்தாக்கில் ஸ்டோவ்னர், ரொம்மன், ஃபூருசெட் போன்ற இடங்களில் அவர்கள் கூடுதலாக வாழ்கிறார்கள்.

பிள்ளைகள் பிறந்ததும் அவர்களுக்கு எழுந்த முதல் கவலை மொழி. அதிலிருந்து வளர்ந்தது அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம். 1988 ஏப்ரல் 19இல் மட்டக்களப்பில் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த பூபதி கணபதிப்பிள்ளையின் பெயரைத் தாங்கிய இந்த நிறுவனம் ஒஸ்லோவிலும் வேறு நகரங்களிலும் வார இறுதி வகுப்புகளை நடத்திவருகிறது. தமிழோடு நடனம், வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் என்று கலைகளும் வார இறுதியில் சேர்ந்துகொள்ளும். பள்ளிப் பாடங்களுக்கு உதவி வகுப்பும் உண்டு. இங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் பெற்றோரே. வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை காலையில் கரும்பலகை முன் வந்து நிற்பவர்கள். இவற்றோடு தமிழர் விளையாட்டுக் கழகங்கள், ஆண்டுதோறும் கலைவிழா, பேச்சுப்போட்டி, அரங்கேற்றம், அம்மெரூட்டில் முருகன் கோயில் திருவிழா, கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தமிழ்ப் பூசை.

ஸ்டீனெ புரூலாண்ட் 2012இல் எழுதிய ஆய்வு, அரசியல் ஈடுபாடு கொண்ட தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை வளர்ப்பும் தேசப்பற்றும் எவ்வளவு இறுக்கமாகப் பின்னிக் கிடந்தன என்பதை எடுத்துக்காட்டியது. 2009 மே மாதத்தில் இலங்கையில் போர் முடிந்தபின் நிலைமை மாறியது. நாடு பற்றிய நம்பிக்கை நொறுங்கிய இடத்தில் மொழியும் கலையும் மிஞ்சின. அதனால்தான் ஒரு பிள்ளை பதின்மூன்று வயதில் "இனி நான் தமிழ் வகுப்புக்கு வரமாட்டன்" என்று சொன்னால் அது வீட்டில் ஒரு வகுப்பை நிறுத்தும் பேச்சாகப் படுவதில்லை. இழந்தவற்றின் பட்டியலில் இன்னொன்று சேர்ந்ததுபோல் பெற்றோருக்கு வலிக்கிறது.

ஒரு சனிக்கிழமையின் கணக்கு

மோதல் எப்படி நடக்கிறது என்பதை அருகே வைத்துப் பார்ப்போம். நோர்வே வீடுகளின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் குடும்ப நாட்காட்டி ஒன்று தொங்கும். குடும்பத்தில் ஆளுக்கொரு நிரல், நாளுக்கொரு வரிசை. பதினான்கு வயது மகளும் பன்னிரண்டு வயது மகனும் உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு, அணி பயன்படுத்தும் 'ஸ்போண்ட்' செயலியில் அறிவித்தல் வருகிறது: சனிக்கிழமை பதினொரு மணிக்கு மகனுக்குப் போட்டி, பத்தேகாலுக்குத் திடலில் நிற்க வேண்டும், பன்னிரண்டு முதல் இரண்டு வரை உங்கள் குடும்பத்துக்குச் சிற்றுண்டிக் கடை முறை. வருவோமா மாட்டோமா என்று இரவுக்குள் அழுத்திவிட வேண்டும். அதே சனிக்கிழமை பத்து முதல் ஒரு மணி வரை இருவருக்கும் தமிழ் வகுப்பு. இரண்டு மணிக்கு மகளுக்கு நடனம். கலைவிழா நெருங்குவதால் இந்த முறை ஒத்திகையும் சேர்ந்திருக்கிறது. அப்பாவுக்குக் காலை வேலை. கார் ஒன்று.

அம்மா என்ன செய்வார்? மகனை இன்னொரு அணித் தோழனின் தாயோடு அனுப்புவார். மகளை ரயிலில் தமிழ் வகுப்புக்கு ஏற்றிவிடுவார். கடை முறையை வேறொருவரோடு மாற்றிக்கொள்ளக் குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதுவார். மகன் வகுப்பைத் தவறவிட்டதற்கு ஆசிரியையிடம், "ரீச்சர், குறை நினையாதேங்கோ, அடுத்த கிழமை கட்டாயம் அனுப்புவன்" என்று சொல்லுவார். திங்கட்கிழமை மகளுக்குக் கணிதத் தேர்வு என்பது ஞாயிறு இரவுதான் தெரியவரும். இதில் யார் மீதும் தவறில்லை. பயிற்சியாளர் தன் அணிக்கு உண்மையாக இருக்கிறார், ஆசிரியை தன் வகுப்புக்கு உண்மையாக இருக்கிறார். இருவரும் சம்பளமின்றி நேரம் கொடுப்பவர்கள், ஒருவரை ஒருவர் ஒருநாளும் சந்திக்காதவர்கள். அவர்கள் இருவருக்கும் இடையிலான தூரத்தை ஒரு தாய் தன் ஓய்வைக் கொடுத்து நிரப்புகிறார்.

விட்டுக்கொடுக்க முடியாத படிப்பு

இந்த நெருக்கடியிலும் தமிழ் வீடுகளில் கடைசிவரை கைவைக்கப்படாதது படிப்பு. இதற்குக் காரணம் நோர்வேயில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், தமிழ் மாணவர் பல்கலைக்கழகம் புகக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டிய நிலையை உண்டாக்கியது. ஒரு புள்ளி குறைந்தால் வாழ்க்கையே திசைமாறும் என்பதைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. பாடசாலை முடிந்ததும் ரியூசன், ரியூசன் முடிந்ததும் வீட்டுப் படிப்பு என்ற வழக்கம் அந்தப் பயத்தில் இறுகியது. 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. பின்னர் போர் பள்ளிகளையே மூடியது. படிக்க ஏங்கிப் படிக்க முடியாமல் மீன் தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் நின்றவர்கள், தம் பிள்ளைக்குக் கிடைத்த இலவசக் கல்வியை வீணாக்கச் சம்மதிப்பார்களா?

பலனும் கண்முன்னே இருக்கிறது. இலங்கைப் பெற்றோருக்கு நோர்வேயில் பிறந்த பிள்ளைகள் உயர்கல்வியில் முன்னணியில் நிற்கும் குழுக்களில் ஒன்று என்பதை அந்நாட்டுப் புள்ளிவிவரங்கள் தொடர்ந்து காட்டிவருகின்றன. யோன் ஹோர்கென் ஃப்ரீபெர்க் ஒஸ்லோ, ஆகெர்ஸ்ஹூஸ் உயர்தரப் பள்ளி மாணவரிடையே செய்த ஆய்வு, குடியேறியோரின் பிள்ளைகள் பொதுவாகப் பெரிய கல்விக் கனவும் கூடுதல் படிப்பு முயற்சியும் கொண்டிருப்பதைப் பதிவு செய்தது. 1988இல் பிறந்து, மூன்று வயதில் ஃபின்மார்க்கின் ஹம்மர்ஃபெஸ்ட் நகருக்கு வந்த கம்ஷாஜினி குணரத்தினம், 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றம் சென்றார். இத்தகைய வெற்றிகள் பெற்றோரின் நம்பிக்கையை வலுப்படுத்துகின்றன. இயல்புதான். ஆனால் வென்றவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் களைத்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

எட்டாம் வகுப்புக்குப் பின்

களைப்பு தொடங்கும் இடம் தெளிவானது. எட்டாம் வகுப்பில் புள்ளிகள் வருகின்றன. பத்தாம் வகுப்பின் இறுதிப் புள்ளிகளின் சராசரியைப் பத்தால் பெருக்கி வரும் தொகையே, ஒஸ்லோவில் எந்த உயர்தரப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும். நகரின் பெயர்பெற்ற பள்ளிகளில் நுழைய அறுபதில் ஐம்பதுக்கு மேல் தேவைப்படுவது வழக்கம். உயர்தரப் பள்ளிக்குப் போனால், 2016இல் கொண்டுவரப்பட்ட வரவின்மை எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அந்தப் பாடத்தில் புள்ளியே கிடைக்காமல் போகலாம். இதே வயதில்தான் கழகங்கள் பயிற்சியை வாரத்துக்கு மூன்று நாலு நாளாகக் கூட்டுகின்றன. இதே வயதில்தான் நடன ஆசிரியை அரங்கேற்றம் பற்றிப் பேசத் தொடங்குகிறார். மூன்று ஏணிகளும் ஒரே வயதில் செங்குத்தாகின்றன.

பிள்ளையின் உடம்போ வேறொன்றைக் கேட்கிறது. பருவமடையும் வயதில் உடற்கடிகாரம் பின்தள்ளிப் போகிறது. இரவு தூக்கம் பிந்தி வரும், காலையில் எழும்புவது கடினமாகும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. மேற்கு நோர்வேயின் ஹோர்டலாண்டில் ஏறத்தாழ 10,000 இளையோரிடம் மாரி ஹீசிங்கும் சகாக்களும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி நாட்களில் அவர்கள் சராசரியாகத் தூங்கியது 6 மணி 25 நிமிடம் மட்டுமே. எந்தக் குடும்ப நாட்காட்டியிலும் தூக்கத்துக்கென ஒரு கட்டம் இல்லை. அதனால் எல்லாரும் கைவைப்பது அதில்தான்.

அப்படியானால் செயற்பாடுகளே கெடுதலா? ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஜோசப் மகோனியும் சகாக்களும் 2006இல் அமெரிக்கத் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒழுங்கமைந்த செயற்பாடுகளில் சேர்ந்த பிள்ளைகள் சேராதவர்களைவிடப் பொதுவாக நன்றாகவே இருந்தார்கள். வாரத்தில் இருபது மணி நேரத்துக்கு மேல் அவற்றில் செலவிட்டவர்கள் மிகச் சிலரே. மறுபுறம், கரோலினா கயத்தானோவும் சகாக்களும் 2024இல் வெளியிட்ட ஆய்வு வீட்டுப்பாடம், ரியூசன், வகுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தது. ஏற்கெனவே நிறைந்த வாரத்தில் கடைசியாகச் சேர்க்கும் மணி நேரம் அறிவுத்திறனைக் கூட்டவில்லை, மனநலத்தைப் பாதித்தது, அந்தப் பாதிப்பு உயர்நிலை மாணவரிடம் கூடுதலாக இருந்தது என்பது அதன் முடிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. ஒரு கழகம் நல்லது, ஒரு கலையும் நல்லது. தீமை செய்வது எல்லாவற்றுக்கும் மேல் திணிக்கப்படும் அந்தக் கடைசி மணி நேரம்.

முதலில் இழப்பது மகள்

நேரம் இறுகும்போது எதை வெட்டுவது என்ற முடிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக எடுக்கப்படுவதில்லை. ஒஸ்லோ இளையோர் கணக்கெடுப்பை வைத்து ஸ்ட்ராண்ட்பூ, பாக்கன், ஸ்லெத்தன் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, சிறுபான்மைப் பின்னணி கொண்ட பெண்பிள்ளைகள் விளையாட்டுக் கழகங்களில் மிகக் குறைவாக இருப்பதையும், ஆண்பிள்ளைகளிடம் அந்த இடைவெளி அவ்வாறு இல்லாததையும் காட்டியது. பல பின்னணிகளைச் சேர்த்து எடுத்த கணக்கு அது. ஆனாலும் தமிழ் வீடுகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது. மகனின் உதைபந்தாட்டம் அப்படியே தொடர, மகளின் கைப்பந்தாட்டத்தை மட்டும் "நடனம் இருக்குத்தானே பிள்ளை" என்று நிறுத்துகிறோமா? நடனம் அரிய செல்வம்தான். ஆனால் மகள் அதைத் தேர்ந்தெடுத்தாளா, அல்லது அது அவளுக்கென ஒதுக்கப்பட்டதா? தங்கச்சியைக் கூட்டிவருவதும் சமையலறையில் கைகொடுப்பதும் யார் பொழுதிலிருந்து கழிகிறது? நோர்வேயின் இளையோர் கணக்கெடுப்புகளில் படிப்பு அழுத்தத்தைக் கூடுதலாகச் சொல்பவர்கள் பெண்பிள்ளைகளே என்பதையும் இதோடு வைத்து எண்ண வேண்டும்.

செய்யக் கூடியவை

தீர்வின் முதற்பகுதி நிறுவனங்களின் கையில் இருக்கிறது. தமிழ்ப் பள்ளி தன் ஆண்டு நாட்காட்டியைப் குரூருட் பள்ளத்தாக்கின் விளையாட்டுக் கழகங்களுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுக்கலாம். தேர்வு நாளையும் கலைவிழா நாளையும் கழகங்கள் முன்கூட்டியே அறிந்தால், அந்தச் சனிக்கிழமையின் போட்டியை ஞாயிறுக்குக் கேட்டு வாங்குவது முடியாத காரியமல்ல. எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு வார இறுதி வகுப்போடு வாரநாள் மாலை வகுப்பொன்றையும் மாற்றாக வைக்கலாம். நோர்வே உயர்தரப் பள்ளி மாணவர் தமிழை அந்நிய மொழித் தேர்வாக எழுத அரசு வழி வைத்திருக்கிறது. தமிழ் வகுப்பின் மேல்நிலைப் பாடத்தை அந்தத் தேர்வை நோக்கி அமைத்தால், சனிக்கிழமை உழைப்பு பள்ளிச் சான்றிதழிலும் இடம்பெறும். பிள்ளைக்கு ஒரே உழைப்பில் இரண்டு பயன்.

இரண்டாவது, கழகங்களில் தமிழ்ப் பெற்றோரின் குரல். தமிழ்ப் பள்ளியை ஊதியமின்றி நடத்திக் காட்டிய சமூகத்துக்குக் கூட்டு உழைப்பு புதிதல்ல. அதில் ஒரு பங்கை அயலிலுள்ள கழகத்தின் நிர்வாகக் குழுவுக்கும் கொடுத்தால், முறை வேலை பார்க்கும் பெற்றோருக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்பதை அங்கே எடுத்துச் சொல்ல ஆள் இருக்கும். பனிச்சறுக்குப் பலகை போன்ற பொருட்களை 'பூஆ' நிலையங்களில் இலவசமாக இரவல் வாங்கலாம் என்ற தகவலும் அப்போதுதான் எல்லா வீட்டுக்கும் எட்டும்.

மூன்றாவது, வீட்டுக்குள். நோர்வேயின் 1981ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், பதினைந்து வயதானவர் தன் கல்வித் தெரிவையும் சங்கங்களில் சேர்வதையும் விலகுவதையும் தானே முடிவு செய்யலாம் என்று வகுத்தது. இந்தச் சட்டத்தைக் கண்டு அஞ்சும் பெற்றோர் உண்டு. அஞ்ச வேண்டியதில்லை. பதினைந்தில் தானே முடிவெடுக்கப் போகிற பிள்ளைக்குப் பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் முடிவெடுக்கப் பழக்குவது பெற்றோரின் கடமை என்று அதைப் படிக்க வேண்டும். பள்ளி ஆண்டு தொடங்கும் ஆகஸ்டில் குடும்பமாக உட்கார்ந்து, முதலில் தூக்கத்துக்கும் சேர்ந்து சாப்பிடும் மாலைகளுக்கும் கட்டம் ஒதுக்குங்கள். பிறகு படிப்பு. மிஞ்சுகிற இடத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிள்ளையைச் சொல்லவிடுங்கள். மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை.

அப்படிக் கேட்டால் பிள்ளை தமிழை விட்டுவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் களைத்துப்போய், சண்டைபிடித்து, பதினாறு வயதில் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகும் பிள்ளையிடம் தமிழ் தங்குவதில்லை. ஓராண்டு நடனத்தை நிறுத்திவைத்துத் தமிழைத் தொடர்ந்த பிள்ளை திரும்பி வர வழி இருக்கிறது. ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பள்ளி ஆண்டில் ஒரு செயற்பாட்டைக் குறையுங்கள், அது எது என்பதைப் பிள்ளை சொல்லட்டும். தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோருக்கும் கழகங்களை நடத்துவோருக்கும் இன்னொரு வேண்டுகோள்: ஒரு முறையாவது ஒரே மேசையில் உட்கார்ந்து உங்கள் நாட்காட்டிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு சமூகங்களும் நேசிக்கும் பிள்ளை ஒன்றுதான். அந்தப் பிள்ளையின் வாரத்தை இரண்டும் சேர்ந்துதான் வகுக்க வேண்டும்.